நாகேஷ் எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தானா?

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நாகேஷ் நன்றாகச் சிரிக்கவைப்பார் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. அவரைப் 'பன்முக நடிகர்' என்று பெரியவர்கள் சொல்வதுதான் பிடிபடவில்லை. எந்தப் படத்தைப் போட்டாலும் அதே ஒல்லி உடம்பு, அதே அம்மைத் தழும்பு முகம், அதே குரல், அதே வேகம். சிவாஜி 1964இல் 'நவராத்திரி'யில் ஒன்பது வேஷம் கட்டினார், கமல் 2008இல் 'தசாவதாரம்' படத்தில் பத்து வேஷம் கட்டினார். அங்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. நாகேஷிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஆள் மாறாமலே வேஷம் மாறினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. நல்ல கேள்வி. எனக்கும் இது புரிய வெகுநாள் ஆயிற்று.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்து என் பேச்சை எடைபோட்டுக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலை ஒட்டிய கடற்கரை ஊர்களில் இருபத்தெட்டு வருஷமாகத் திருவிழா நாடகம் படிப்பிக்கிறேன். பங்குத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் பத்து நாளில் ஒரு ராத்திரியாவது நாடகம் இருக்கும். நடிக்கிறவர்கள் எல்லாரும் கடலுக்குப் போய்வருகிற பிள்ளைகள், கூடவே ஒன்றிரண்டு கல்லூரிப் பிள்ளைகள். கேமரா முன்னால் நான் நின்றது கிடையாது. அதனால் ஒரு நடிகர் மேடையில் செய்யக்கூடியதைப் பற்றித் துணிந்து பேசுவேன். லென்ஸும் வெட்டும் ஒட்டும் செய்கிற வேலையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

முதலில் எங்கள் மண்ணிலிருந்தே ஒரு உதாரணம். இங்கே அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பார்கள். ஆரல்வாய்மொழி போகிற வழியில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இருக்கிறதல்லவா, அந்த இசக்கியின் கதையாக நீலி கதையைப் பாடுவார்கள். பழிவாங்க வந்த நீலி, செட்டியின் மனைவி போல வேடம் எடுத்து, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து அழுகிறாள். 'இவர் என்னைக் கைவிடப் பார்க்கிறார்' என்கிறாள். செட்டியோ 'இவள் மனுஷியே இல்லை' என்று அலறுகிறான். பெரியவர்கள் நீதி சொல்லும் தோரணையில் செட்டிக்குப் புத்தி சொல்கிறார்கள். இத்தனை பேரையும் பாடிக் காட்டுகிறவர் ஒரே ஆள். வில்லுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்க மாட்டார். கையில் வில்லின் நாணைத் தட்டுகிற வீசுகோல், நெற்றியில் சந்தனம், அதே சட்டை. ஆனாலும் நீலி அழும்போது அது பொய்யழுகை என்று நமக்குத் தெரிகிறது, பெரியவர்களுக்குத் தெரியவில்லை. இது எப்படி நடக்கிறது என்று வில்லுப்பாட்டைத் தலைமை தாங்கிப் பாடுகிற ஒரு மூத்த அண்ணாவியிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: 'நீலி பெரியவங்களைப் பாத்து அழுவா. ஆனா செட்டி என்ன செய்யுதான்னு ஒரு கண்ணு வச்சிருப்பா.'

அன்றிலிருந்து ஒரு நடிகரின் வீச்சை அளக்க எனக்கு இதுதான் முழக்கோல். எதிரே நிற்கிறவரிடம் இவர் எப்படி நிற்கிறார், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்று நிற்கிறார், கிடைக்காவிட்டால் இவர் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பேன். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதை வைத்து 'திருவிளையாடல்' (1965) தருமியையும் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வைத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு படமும் ஏ.பி.நாகராஜன் இயக்கியவை. இரண்டு வேஷமுமே பெரிய மனிதர் முன்னால் குனிகிற வேஷம், இரண்டு பேருக்குமே பணம் வேண்டும். சோம்பேறித்தனமான நடிகராக இருந்தால் முதல் படத்தின் குனிவையே இரண்டாவதிலும் போட்டிருப்பார், நாமும் கைதட்டியிருப்போம்.

தருமி முதலில் தனியாகத்தான் இருக்கிறார். ஏழைப் புலவர் அவர்; பாண்டிய மன்னனின் சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு அறிவித்த ஆயிரம் பொன்னைப் பற்றிக் கோயில் மண்டபத்தில் சொக்கனிடம் புலம்புகிறார். அந்தப் புலம்பலில் வேண்டுதல் பாதி, உரிமையோடு கடவுளைத் திட்டுவது பாதி. அப்புறம் இறைவன் புலவர் வேடத்தில் வந்து நிற்க, அவருடைய புலமையைச் சோதிக்கத் தருமி கேள்வி கேட்கிறார். நீ கேட்கிறாயா, நான் கேட்கட்டுமா என்ற பேச்சு வந்தவுடனே, தனக்குக் கேட்கத்தான் தெரியும் என்று பதறி அந்த உரிமையைப் பிடித்துக்கொள்கிறாரே, அந்த இடத்தைக் கவனியுங்கள். பிச்சைக்காரன் நிலையில் இருக்கிறவர் சில நிமிஷம் பரீட்சை வைக்கிற வாத்தியார் ஆகிவிடுகிறார். எதிரே சிவாஜி மலை மாதிரி நின்று ஒவ்வொரு பதிலாகத் தருகிறார். ஒவ்வொரு பதிலுக்கும் தருமியின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் முழுசாகச் சரணாகதி. பிறகு இறைவன் தந்த பாட்டு சபையில் ஏற்கப்பட்டவுடன் முதுகு நிமிர்கிறது, சபைப் புலவர் நக்கீரர் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்தவுடன் மறுபடி விழுகிறது. தருமியின் முதுகெலும்பு முழுக்க முழுக்க அடுத்தவர் கையில் இருக்கிறது. அவருக்குள் வஞ்சகமே கிடையாது. ஏமாற்றத்தான் போகிறார், அதையும் மறைக்கத் தெரியாதவர். அதனால்தான் நாம் சிரித்துக்கொண்டே அவருக்காகப் பதறுகிறோம்.

வைத்தியிடம் வாருங்கள். நாட்டியக்காரி மோகனாவைப் பணக்காரர்களிடம் கொண்டுசேர்த்துத் தரகு பார்க்க அலைகிற ஆள். மோகனாவின் அம்மா வடிவாம்பாளாக சி.கே.சரஸ்வதி. அந்த அம்மாவிடம் வைத்தி சொத்தையும் சுகத்தையும் அடுக்கிக் காட்டும்போது உடம்பு குனிந்தே இருக்கிறது, ஆனால் கண் குனியவே இல்லை. ஒரு வாக்கியத்தைப் போடுகிறார், போட்டுவிட்டு அது எவ்வளவு தூரம் இறங்கியது என்று எதிராளியின் முகத்தில் பார்க்கிறார், அதற்கேற்ப அடுத்த வாக்கியத்தை இழுக்கிறார் அல்லது நிறுத்துகிறார். தூண்டில் போட்டவன் கயிற்றை விரலில் பிடித்துப் பார்ப்பது போல. தருமியின் வேகம் பயத்தில் வருகிறது. வைத்தியின் வேகம் எதிராளி யோசித்துவிடக் கூடாது என்பதற்காக வருகிறது. நீங்கள் 'அதே வேகம்' என்று எழுதியிருந்தீர்கள். கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை ஊற்று வேறான இரண்டு வேகங்கள். தருமியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடலாம் என்று தோன்றும். வைத்தியை வாசற்படி தாண்ட விடமாட்டோம். ஒரே இயக்குநர், ஒரே உடம்பு, இடையில் மூன்றே வருஷம்.

'காதலிக்க நேரமில்லை' (1964) செல்லப்பாவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பாலையாவுக்குக் கதை சொல்லிப் பயமுறுத்தும் காட்சியில் இந்த மனிதர் குனியவே இல்லை என்பதை மட்டும் பாருங்கள். அங்கே அவர்தான் எஜமான். சத்தமும் அவரே, இருட்டும் அவரே. அந்தக் காட்சியின் பாதிப் புகழ் பாலையாவுக்குச் சேரவேண்டும், அவர் அப்படிப் பயப்படாவிட்டால் இவருடைய அதிகாரம் நிற்காது.

அதே 1964இல் 'சர்வர் சுந்தரம்', 1968இல் 'எதிர்நீச்சல்'. சுந்தரம் ஓட்டல் சர்வராக இருந்து சினிமா நட்சத்திரம் ஆகிறவன். தான் நேசித்த பெண் தன் நண்பனைத்தான் விரும்புகிறாள் என்று தெரிகிற இடம் வரை, நம்மைச் சிரிக்கவைத்த அதே கைகால்தான். தெரிந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது. 'எதிர்நீச்சல்' மாது வேறு. மாடிப்படிக்குக் கீழே கிடந்து, குடித்தனக்காரர்கள் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுப் படிக்கிற பையன். அவன் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை, யாரிடமும் கெஞ்சுவதும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடும் முன்பே பாதி திரும்பிவிட்டிருக்கிற உடம்பு அது, கூப்பிடுவார்கள் என்று பழகிப்போன உடம்பு. வைத்தி வந்த அதே வருஷத்தில் இந்த மாதுவும் திரைக்கு வந்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சிரிக்கவைத்தே பழகிய நடிகர் அழவைக்கும் வேஷத்துக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் நாடகங்களில் வருஷா வருஷம் கோமாளி வேஷம் கட்டுகிற பையன் ஒருவன். கட்டுமரத்தில் ஏறி இறங்குகிற ஊரில் அவன் பெயரைச் சொன்னாலே சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். ஒரு வருஷம் கடலுக்குப் போன மகன் திரும்பாத தகப்பன் வேஷத்தை அவனுக்குக் கொடுத்தேன். ஒத்திகை முடிந்து தனியாக வந்தான். 'சாரே, நான் உள்ள வந்தாலே சிரிப்பானுவ. நான் என்ன செய்யட்டு?' என்றான். 'ஒண்ணும் செய்யாண்டாம் மக்கா. சிரிச்சு முடியுது மட்டும் நில்லு' என்றேன். நாடகத்தன்று அப்படியே நடந்தது. அவன் மேடையேறியதும் மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவன் தோளில் கிடந்த வலையை இறக்கிக் கீழே வைத்தான். பிறகு கரையையே பார்த்து நின்றான். சிரிப்பு அலை ஓய்கிற மாதிரி ஓய்ந்தது, முன்வரிசையில் கடைசியாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் நிறுத்தினார். அந்த அமைதியில் அவன் முதல் வரியைச் சொன்னான். புது முகம் ஒருவர் அதே வரியைச் சொல்லியிருந்தால் அவ்வளவு கனம் வந்திருக்காது. அவனுடைய கோமாளித்தனத்தைப் பத்து வருஷம் பார்த்திருந்தோம், அது அங்கே இல்லாமல் போனதுதான் எங்களை உலுக்கியது.

நாகேஷின் பிற்கால வேஷங்களை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் தர்மராஜ் என்ற கொலைகார வில்லன். துறுதுறுவென்று ஓடிக்கொண்டே இருந்த மனிதர் அங்கே அவசரமே இல்லாமல் இருக்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது. 1994இல் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். அதற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தத் துக்கத்தில் பழைய நாகேஷின் சின்னச் சின்னச் சேட்டைகள் உடைந்த துண்டுகளாக மிஞ்சி நிற்கின்றன. ஒரு காலத்தில் அவற்றைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அது இன்னும் வலிக்கும்.

'நம்மவர்' இயக்கியவர் கே.எஸ்.சேதுமாதவன். இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்களுக்கு வேறொரு நடிகர் நினைவுக்கு வருவார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. தமிழ்ப்படமும் மலையாளப்படமும் ஒன்றுபோலப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நான் சொல்வது சத்யனை. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, நாற்பது வயதை ஒட்டிச் சினிமாவுக்கு வந்தவர். 1965இல் சேதுமாதவனின் 'ஓடையில் நின்னு' படத்தில் ரிக்‌ஷாக்காரன் பப்பு, அதே வருஷம் 'செம்மீன்' படத்தில் மீனவன் பழனி. முகத்தை மறைக்கிற ஒப்பனை இரண்டிலும் கிடையாது. கறுத்த, குள்ளமான அதே மனிதர். பப்பு ஊரோடு மோதுகிறவன், பழனி உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பவன். வேஷம் மாற்றாமல் ஆள் மாறுவது நாகேஷின் தனி வித்தை இல்லை, அது ஒரு பள்ளிக்கூடம், அதில் இவர்கள் எல்லாரும் மூத்த மாணவர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒன்பது, பத்து வேஷம் கட்டுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிவாஜியின் ஒன்பதிலும் தாடியையும் தலைப்பாகையையும் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் நடை மாறியிருப்பது தெரியும். ஒப்பனை ஒரு உதவி, அது தனியாக நின்றால் மாறுவேடப் போட்டி ஆகிவிடும்.

இனி, நான் உறுதியாகச் சொல்லாதவை. திரையில் தெரிவதை மட்டும்தான் நான் உறுதியாகச் சொல்ல முடியும். தருமி குனிந்தபோது நாகேஷ் என்ன நினைத்துக் குனிந்தார் என்பது அவரோடு போயிற்று. தருமியின் புலம்பல் அவராகவே அங்கங்கே சேர்த்துக்கொண்டது என்று ஊரெல்லாம் கதை சொல்வார்கள். அது அழகான கதை, ஆனால் அதை ஆதாரமாக வைத்து என் வாதத்தைக் கட்டமாட்டேன். இன்னொரு நியாயமான சந்தேகமும் உண்டு. 'சர்வர் சுந்தரம்', 'எதிர்நீச்சல்' இரண்டுமே முதலில் கே.பாலசந்தரின் மேடை நாடகங்கள். அப்படியானால் இந்தப் பெருமை எழுதினவருக்கா, நடித்தவருக்கா? முழுசாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். ஸ்ரீதர், பாலசந்தர், ஏ.பி.நாகராஜன், சிங்கீதம் சீனிவாசராவ், சேதுமாதவன் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இயக்குநர்களிடமும் அந்தத் திறமை தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வருகிறது. அத்தனை பேர் கையிலும் மிஞ்சி நிற்பதை நடிகர் கணக்கில் எழுதுவதுதான் நியாயம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அறுபதுகளில் அவர் ஓய்வில்லாமல் படம் செய்தார். அவற்றில் பலவற்றில் வேகத்தை மட்டுமே முதலாக வைத்து ஓட்டியிருக்கிறார். கதாநாயகனுக்கு நண்பன், ஒரு காதலி, இரண்டு பாட்டு, நாலு இடத்தில் விழுந்து எழும்புவது என்று. அந்தப் படங்களை மட்டும் பார்த்தால் 'ஒரே நாகேஷ்தான்' என்ற உங்கள் தீர்ப்பு சரியானதே. ஒருவரின் வீச்சை அவருடைய சராசரியை வைத்து அளப்பதா, உச்சத்தை வைத்து அளப்பதா என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். நான் உச்சத்தை வைத்து அளக்கிறவன். ஒரு முறை செய்துகாட்டியது அந்த மனிதருக்குள் இருந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மண்டபத்துத் தருமியையும், வடிவாம்பாளிடம் பேசும் வைத்தியையும் அடுத்தடுத்து, சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் தடவை நாகேஷைப் பார்க்காமல் எதிரே நிற்கிறவரை மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை நாகேஷின் தோளையும் கழுத்தையும் பாருங்கள். மூன்றாம் தடவை சத்தத்தோடு. எங்கள் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் காட்டுவேன். இரண்டாம் தடவையிலேயே 'சாரே, இவன் வேற ஆளு' என்று எவனாவது சொல்லிவிடுவான்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் முழக்கோலுக்கு அடங்காத ஒரு வேஷம் இருக்கிறது. 1994இல் வந்த 'மகளிர் மட்டும்' படத்துப் பிணம். பிணத்துக்கு எதிராளி கிடையாது, யாரிடமும் எதுவும் வேண்டியதில்லை, குனிவதும் நிமிர்வதும் இல்லை. இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்த மாதிரி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தவக்காலத்தில் எங்கள் ஊர்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவோம். சிலுவையிலிருந்து இறக்கி மாதாவின் மடியில் கிடத்துகிற காட்சிதான் அதில் பெரிய காட்சி. இயேசு வேஷம் கட்டின பையன் சாட்டையடியை நன்றாக நடித்துவிடுவான், சிலுவையில் பேசுகிற வரிகளையும் நன்றாகச் சொல்லிவிடுவான். இறக்குகிற நேரத்தில் இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கினவுடன், விழுந்துவிடுவோமோ என்று அவன் கழுத்து தானாக விறைக்கும். கூட்டத்துக்கு அது தெரிந்துவிடும். 'தலையை எங்களுக்குத் தந்திரு மக்கா, நாங்க பிடிச்சுக்கிடுவோம்' என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டு பையன்கள்தான் முழுசாகத் தந்தார்கள். அந்தப் படத்தில் பெண்கள் நாகேஷைத் தூக்குகிறார்கள், இழுக்கிறார்கள், சாய்க்கிறார்கள். ஒரு தடவைகூட அந்தக் கழுத்து விறைக்கவில்லை. தலை அதன் பாட்டுக்குப் போகிறது.